புதுப் புல்லாங்குழலை உதட்டில் வைப்பதற்கு முன்

புதுக் குழல் கையில் வந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, உறையைப் பிரித்து உடனே ஊதிப் பார்ப்பது. என்னிடம் படிக்கிறவர்களிடம் நான் சொல்வது, முதல் நாள் ஊதவே வேண்டாம் என்று. முகம் சுருங்கிவிடும், பரவாயில்லை. “எவ்வளவு ஊதினாலும் வெறும் காற்றுதான் வருது டீச்சர்” என்று வாரக்கணக்கில் தவித்துவிட்டு வருகிறவர்களின் குழலை வாங்கிப் பார்த்தால், கோளாறு பல நேரம் குழலில்தான் இருக்கும். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் கையில் ஓட்டைக் குழலைக் கொடுத்தால்கூட உதட்டையும் காற்றையும் மாற்றிச் சமாளித்துவிடுவார். புதிதாகக் கற்பவருக்கு அந்த வித்தை இல்லை. தனக்குத்தான் தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, மூச்சு முட்ட ஊதி, தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார். ஆகவே குழலைச் சோதித்துப் பார்க்கும் அவசியம் வித்வானைவிட ஆரம்பப் பாடம் படிக்கிறவருக்கே அதிகம்.

இங்கே சொல்வதெல்லாம் கர்நாடக இசைக்கு வாசிக்கிற மூங்கில் குழலுக்கு. வேறு குழல்களைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி சொல்கிறேன்.

முதலில், இது உங்களுக்கு வேண்டிய குழல்தானா?

துளைகளை எண்ணுங்கள். ஊதும் துளை ஒன்று, விரல் துளைகள் எட்டு இருக்க வேண்டும். எட்டாவதைப் பெரும்பாலும் யாரும் மூடுவதில்லை, ஆனால் அது இருக்க வேண்டும். ஆறு விரல் துளை மட்டும் இருந்தால் உங்கள் கையில் இருப்பது இந்துஸ்தானி பாணி பன்சுரி. அதுவும் நல்ல வாத்தியம்தான், ஆனால் விரல் போடும் முறையே வேறு. இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது.

சுருதிக் குறியையும் பாருங்கள். குழலின் தலைப்பக்கம் எண்ணோ எழுத்தோ போட்டிருப்பார்கள். 1 கட்டை என்றால் மேல்நாட்டு முறையில் சி, 2 என்றால் டி, 4 என்றால் எஃப், 5 என்றால் ஜி. நம் முறையில் மேலே இரண்டு துளையை மூடி ஊதினால் வருவது ஷட்ஜம், அதாவது ‘ஸ’. குழலின் கட்டை என்று நாம் சொல்வது அந்த ஷட்ஜத்தின் சுருதியை. பன்சுரிக்காரர்கள் மூன்று துளை மூடி ஷட்ஜம் எடுக்கிறார்கள். மேல்நாட்டு முறையில் பெயர் வைக்கிற சிலர் எல்லாத் துளையும் மூடினால் வரும் சுரத்தை வைத்துக் குழலுக்குப் பெயர் வைக்கிறார்கள். ஆக, ‘ஜி குழல்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கினால் வேறு சுருதிக் குழல் வந்து சேரலாம். வகுப்பில் எல்லோரும் 5 கட்டையில் வாசிக்கும்போது உங்கள் குழல் மட்டும் ஒட்டாது.

வெளிச்சத்தில் பாருங்கள்

குழலை ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுகிறமாதிரி பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். நேராக விழும் வெளிச்சத்தில் விரிசல் கண்ணில் படாது. மூங்கிலின் நார்கள் நீளவாக்கில் ஓடுவதால் விரிசலும் நீளவாக்கில்தான் ஓடும். கணுவிலிருந்தும், திறந்த முனையிலிருந்தும், ஊதும் துளையின் இரு ஓரங்களிலிருந்தும் கிளம்புவது வழக்கம். மூங்கிலில் இயல்பாகவே கோடுகள் உண்டு; அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம். சந்தேகம் வந்த கோட்டின் மேல் விரல்நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் தட்டி நின்றால் விரிசல், வழுக்கிக்கொண்டு போனால் வெறும் கோடு.

குழலைச் சுற்றி நூல் கட்டியிருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. மூங்கில் காய்ந்து வெடிக்காமல் பிடித்து வைப்பது அதுதான். நூல்கட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நகரக்கூடாது. ஈரமான காலத்தில் செய்து கட்டிய குழல், வறண்ட காற்றில் இளைக்கும்போது கட்டு தளர்ந்துவிடும். நூலின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் கட்டின் இறுக்கத்தைப் பார்த்தால் தேவலை.

இப்போது திறந்த முனை வழியாக உள்ளே பாருங்கள். நம் குழல்களில் பெரும்பாலும் தலைப்பக்கம் மூங்கிலின் கணுவே மூடியாக இருக்கும்; சிலதில் தக்கை வைத்து அடைத்திருப்பார்கள். கைபேசி டார்ச்சை ஒவ்வொரு விரல் துளையின் மேலும் வைத்துக்கொண்டு முனை வழியாகப் பார்த்தால் உட்சுவர் முழுக்கத் தெரியும். துளைகள் காய்ச்சிய கம்பியால் சுட்டுப் போட்டவை என்பதால் ஓரங்களில் கரி ஒட்டியிருக்கும். பிசிறாக நார் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் குற்றம் இல்லை, சுத்தம் செய்தால் போய்விடும்.

ஊதும் துளையில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உங்கள் உதட்டுக்கு எதிர்ப்பக்கம் உள்ள ஓரம்தான் காற்றை இரண்டாக வெட்டி நாதத்தை உண்டாக்குகிறது. அந்த ஓரம் கூராக, ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரம் சிதைந்திருந்தாலோ, மழுங்கியிருந்தாலோ, வார்னிஷ் வழிந்து திரண்டு நின்றாலோ எவ்வளவு சாதகம் செய்தாலும் காற்றுச் சத்தம் கலந்தேதான் வரும். விரல் துளைகளின் வெளி ஓரம் இதற்கு நேர்மாறு: லேசாக மழுங்கியிருந்தால்தான் விரல் நன்றாகப் படியும். சொரசொரப்பாக இருக்கிறது என்று உப்புத்தாளை எடுத்து எல்லாத் துளைகளையும் ஒரே மாதிரி தேய்த்துவிடுகிறார்கள் சிலர். விரல் துளையைத் தேய்த்துப் பெரிதாக்கினால் சுருதி ஏறும். ஊதும் துளையைத் தேய்த்தால் நாதமே போய்விடும்.

உளு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், ஒரு குழலோடு முடிகிற பிரச்சினை அல்ல இது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தின்ன வரும் துளைவண்டு ஒன்று உண்டு, அதுதான் உளு. வெட்டிய மூங்கிலைச் சரியாகப் பதப்படுத்தாவிட்டால் உள்ளேயே இருந்து பெருகும். குழலை ஒரு கறுப்புத் துணிக்கு மேலே பிடித்து விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். கரித்தூளும் நார்த் துணுக்கும் விழுந்தால் சரி. மைதா போல நைசான வெளிர்மஞ்சள் தூள் விழுந்தால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் வட்டமான ஓட்டை எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். கணு ஓரத்திலும் நூல்கட்டுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். தூளைத் துடைத்துவிட்டு, குழலை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். மறுபடியும் தூள் இருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. அந்தக் குழலை மற்றக் குழல்களோடு ஒரே பையில் போடாமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வண்டு துளைத்த மூங்கிலில் காற்றுப் புகுந்து குழலோசை எழுந்ததாகப் பழைய பாட்டில் வரும். காட்டில் நிற்கிற மூங்கிலுக்கு அது சரி. காசு கொடுத்து வாங்கிய குழலில் வேண்டாத இடத்தில் ஒரு ஓட்டை போதும், அதற்குக் கீழே உள்ள சுரங்கள் எல்லாம் கெட்டுப்போக.

சுத்தம்: குறைவாகச் செய்யுங்கள்

புதுக் குழலைத் தண்ணீரில் முக்கி, சோப்புப் போட்டு, வெயிலில் காயவைத்துக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். சுத்தத்தில் அக்கறை நல்லதுதான், ஆனால் மூங்கில் தண்ணீரைக் குடித்து உப்பும், காயும்போது இளைக்கும். உள்ளும் வெளியும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. வெயிலில் வைத்தால் படக்கென்று வெடிக்கும்.

தேவையானது ஒரு குச்சியும் ஒரு துணியும். குச்சி குழலைவிட ஒரு சாண் நீளமாக, முனை மழுங்கலாக இருக்கட்டும். இரும்புக் கம்பி, பின்னல் ஊசி வேண்டாம், உட்சுவரைக் கீறும். துணிக்குப் பலமுறை துவைத்த வேட்டித் துண்டு போல நூல் உதிராத மெல்லிய பருத்தி போதும். பஞ்சு வேண்டாம், பிசிறில் மாட்டிக்கொண்டு உள்ளேயே தங்கும். துணியைக் குச்சி நுனியில் சுற்றிக் கட்டுங்கள், வால் ஒன்று குழலுக்கு வெளியே தொங்குகிற அளவுக்குத் துணி நீளமாக இருக்கட்டும். ஒரு பக்கம் கணு அடைத்திருப்பதால், துணி கழன்று உள்ளே போய்விட்டால் அந்தப் பக்கமாகத் தள்ளி எடுக்க வழியே இல்லை. வால் வெளியே இருந்தால் இழுத்துவிடலாம்.

உலர்ந்த துணியைத் திறந்த முனை வழியாக உள்ளே விட்டு, ஒரே பக்கமாகச் சுழற்றிக்கொண்டே வெளியே இழுங்கள். துணி கறுத்து வரும். துணியை மாற்றி மாற்றி, கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் செய்யுங்கள். நடுவில் குழலைத் திறந்த முனை கீழே இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டினால் ஒட்டியிருந்த நார் விழும். ஊதி வெளியேற்ற வேண்டாம். அந்தத் தூள் உங்கள் கண்ணுக்கும் மூக்குக்கும்தான் வரும். விரல் துளைகளின் உள்ஓரத்தைக் காதுக் குச்சியால் சுற்றித் துடைக்கலாம். நீட்டிக்கொண்டிருக்கும் நார் ஒன்றிரண்டு இருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், கூடவே சுவரிலிருந்து நீளமாகக் கிழிந்துகொண்டு வரும். சின்னக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள்.

உதடு படும் இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். விற்கிற இடத்தில் எத்தனை பேர் ஊதிப் பார்த்தார்களோ, யாருக்குத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, துணியை நன்றாகப் பிழிந்து ஊதும் துளையைச் சுற்றித் துடைத்து, பிறகு வெறும் தண்ணீர்த் துணி, பிறகு உலர்ந்த துணி. ஸ்பிரிட், சானிடைசர் இரண்டையும் தள்ளி வையுங்கள். மேலே அரக்குப் பூச்சு இருந்தால் ஸ்பிரிட்டில் கரைந்து பிசுபிசுக்கும். புது வார்னிஷ் நெடி அடித்தால் நிழலில், காற்றாட, நெடி போகும்வரை வைத்துவிடுங்கள். நாள் ஆனாலும் ஆகட்டும். நெடியோடு மூச்சை இழுத்து ஊத வேண்டியது நீங்கள்தான்.

எண்ணெய்

குழலுக்கு எண்ணெய் விடுவதைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து. என் கருத்து: புதுக் குழலுக்கு உடனே வேண்டாம். செய்தவரே எண்ணெயில் ஊறவைத்துப் பதப்படுத்தியிருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடுகெண்ணெய் வாசனை வந்தால் கேட்கவே தேவையில்லை. உள்ளே வார்னிஷ் பூசியிருந்தால் எண்ணெய் மூங்கிலுக்குள் இறங்காது, மேலே நின்று தூசியைத்தான் சேர்க்கும். உட்சுவர் வெளிறி, தொட்டால் வறண்டு இருந்தால் மட்டும், துணியில் நாலைந்து சொட்டு விட்டு உள்ளே தடவி, இரவு முழுக்க வைத்து, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பாதாம் எண்ணெய் போதும். பாதாம் போன்ற கொட்டைகள் ஒவ்வாதவர்கள் மட்டும் அதைத் தவிர்க்கவும். நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுப்பாகிவிடும். தேங்காய் எண்ணெய் குளிர்ந்தால் உறையும், நாள்பட்டால் சிக்குவாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் மூங்கிலுக்கு நல்லது, உலர்ந்து கெட்டியாகும், ஆனால் ஒரு ஆபத்து உண்டு: அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். துணியை விரித்துக் காயவிட்டு, பிறகு தண்ணீரில் நனைத்துத்தான் குப்பையில் போட வேண்டும். எந்த எண்ணெயாக இருந்தாலும் ஊதும் துளையின் ஓரத்தில் படக்கூடாது.

காற்று கசிகிறதா?

கண்ணுக்குத் தப்பிய விரிசலை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். உள்ளே துடைத்து முடித்த பிறகுதான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தூளைக் குடிப்பீர்கள். கூட ஒருவர் வேண்டும். ஒருவர் விரல் துளைகள் அத்தனையையும் அழுத்தி மூட, இன்னொருவர் திறந்த முனையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, ஊதும் துளையை உதட்டால் முழுக்கக் கவ்வி லேசாகக் காற்றை உள்ளிழுக்க வேண்டும். குழல் உதட்டோடு இழுபட்டு ஒட்டி, சில நொடிகள் அப்படியே நிற்க வேண்டும். உடனே விட்டுவிட்டால் எங்கேயோ கசிவு. ஆள் இல்லையென்றால் துளைகளின் மேல் பெயிண்டர்கள் ஒட்டுகிற காகித டேப்பை ஒட்டிக்கொள்ளலாம். பளபள டேப் பூச்சை உரித்துக்கொண்டு வரும்.

கசிவு இருப்பது தெரிந்தால், இடம் கண்டுபிடிக்க உள்ளிழுப்பதற்குப் பதில் மெதுவாக ஊதுங்கள். கூட இருப்பவர் புறங்கையை நனைத்துக் குழலை ஒட்டி நகர்த்தினால் குளிர்ச்சி படும் இடம்தான் ஓட்டை. பழைய குழலாக இருந்தால் நூலை இறுக்கிக் கட்டி, விரிசலில் மெல்லிய பசையை இறக்கிச் சமாளிக்கலாம். புதுக் குழலுக்கு அந்த வேலை எதற்கு? திருப்பிக் கொடுங்கள்.

இப்போது ஊதலாம்

மறுநாள் காலையில், குழலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, சுரம் எதுவும் யோசிக்காமல் சில நிமிடம் மெதுவாக ஊதுங்கள். குழல் சூடாகாமல் சுருதி பார்ப்பதில் அர்த்தம் இல்லை. காற்று சூடானால் அதில் ஒலி வேகமாகப் போகும், சுருதி ஏறும். 20 டிகிரியில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர், 30 டிகிரியில் 349. கணக்குப்படி இந்தப் 10 டிகிரி சுருதியை ஏறக்குறைய 30 செண்ட் தூக்கிவிடும் (அரைக் கட்டையில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்). 5 கட்டைக்கும் 5½ கட்டைக்கும் உள்ள இடைவெளியே 100 செண்ட்தான். ஏசி அறையில் பார்த்துவிட்டு ‘சுருதி இறங்கியிருக்கிறது’ என்று குழலைத் திட்டுவது நியாயமில்லை.

முதலில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு, மேலே இரண்டு துளை மூடி ஷட்ஜம் பிடியுங்கள். சுருதியை முள்ளால் காட்டும் ட்யூனர் ஆப்பைப் பிறகு பார்க்கலாம். முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உங்களை அறியாமல் குழலை உருட்டி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவீர்கள். உள்பக்கம் உருட்டினால் சுருதி இறங்கும், வெளிப்பக்கம் உருட்டினால் ஏறும். காற்றை இறுக்கினாலும் ஏறும். ஆக, இயல்பாக ஊதும்போது முள் எங்கே நிற்கிறது என்பதே விஷயம். ஆப்பில் அடிப்படை (ஏ சுரத்தின் அதிர்வெண்) 440 என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சில ஆப்பில் யாராவது மாற்றி வைத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து செண்ட் முன்னே பின்னே இருந்தால் கவலைப்படாதீர்கள். உதடு பழகப் பழக அது சரியாகும். எல்லாச் சுரமும் ஒரே அளவு இறங்கியிருந்தாலும் பெரிய குற்றம் இல்லை. ஒரே ஒரு சுரம் மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியாக விலகி நின்றால் அந்தத் துளை இடம் மாறிப் போட்டது. அது பழக்கத்தால் சரியாகாது.

அடுத்து, அதே விரல்நிலையில் காற்றை இறுக்கி தார ஸ்தாயி ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் ஸ-வுக்குப் போங்கள். இரண்டும் சேர வேண்டும். சேரவில்லை என்றால் ஊதும் துளைக்கும் உள்ளே உள்ள அடைப்புக்கும் இடையே தூரம் சரியில்லை என்று சந்தேகப்படலாம். அந்தத் தூரம் ஏறக்குறைய குழலின் உள்விட்ட அளவு இருப்பது வழக்கம். மேற்கத்திய வெள்ளிக் குழலில் அது சுமார் 17 மில்லிமீட்டர். சரிபார்க்கத் துடைக்கும் கோலிலேயே ஒரு கோடு போட்டிருப்பார்கள், தக்கையை நகர்த்தியும் கொள்ளலாம். நம் குழலில் தக்கை இருந்தால் செய்தவர் நகர்த்தித் தருவார். கணுவை யாரும் நகர்த்த முடியாது.

கடைசியாக, மேலிருந்து ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டே கீழே இறங்குங்கள். எந்த விரலில் சத்தம் உடைகிறதோ அங்கே நின்று, விரல் சரியாகப் படிகிறதா என்று முதலில் பாருங்கள். மூடியிருந்த விரலை எடுத்துப் பார்த்தால் துளையின் அச்சு முழு வட்டமாக விரலில் பதிந்திருக்க வேண்டும். வட்டம் முழுசாக இருந்தும் சத்தம் உடைந்தால் கசிவுச் சோதனைக்குத் திரும்புங்கள். சத்தத்தோடு ‘ங்ர்ர்’ என்று ஒரு அதிர்வு கேட்டால் பெரும்பாலும் நறுக்காமல் விட்ட நாரோ, தளர்ந்த நூலோதான்.

முதல் சில வாரங்கள்

ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள். மூச்சின் ஈரத்துக்கு மூங்கில் மெல்லப் பழகட்டும். ஊதி முடித்ததும் உள்ளே துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட வைத்த பிறகே துணி உறையில் போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். இதை நான் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. பிரிட்டனில், பையில் காற்றை நிரப்பி வாசிக்கும் பேக்பைப்பைத் தினமும் வாசித்த ஒருவர் நுரையீரல் நோயால் 2014இல் இறந்தார். அவருடைய வாத்தியத்துக்குள் பலவகைப் பூஞ்சைகள் இருந்ததை மருத்துவர்கள் கண்டு, நோய்க்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று 2016இல் எழுதினார்கள். பேக்பைப்பின் பை போல நம் குழலில் ஈரம் தேங்க இடமில்லை, துடைப்பதும் அரை நிமிட வேலை. அதனால்தான் துடைக்காதவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

வாரம் ஒருமுறை ஜன்னலோரச் சோதனையை மறுபடி செய்யுங்கள். புது விரிசல் வருவதானால் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வரும். மூடிய காரில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஏசி காற்று படும் இடத்தில் வைக்காதீர்கள்.

பிளாஸ்டிக் குழல் என்றால் வேலை சுலபம்: வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம், கொதிநீர் மட்டும் கூடாது. மரத்தால் ஆன கிளாரினெட்டுக்கும் பதினைந்து இருபது நிமிடக் கணக்கு பொருந்தும், மூங்கிலைவிடக் கண்டிப்பாகவே பொருந்தும். நாதஸ்வரத்தில் பாதிக் கவனம் வாயில் வைத்து ஊதுகிற சீவாளிக்கே போய்விடும். அதை அந்த வாத்தியக்காரர் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாதவையும் உண்டு. மூங்கிலில் நிறத்திட்டு, லேசான வளைவு, ஒரு முனை சற்றுப் பருமனாக இருப்பது, துளை ஓரத்தில் கரிநிறம், வட்டம் கொஞ்சம் நீள்வட்டமாக இருப்பது: இதெல்லாம் கையால் செய்த பொருளில் வரத்தான் செய்யும். இவற்றுக்காகச் சண்டை போடாதீர்கள். விரிசல், கசிவு, உளு, மழுங்கிய ஊதும் துளை, தனியாக விலகி நிற்கும் சுரம் ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தால் மட்டும் தயங்காமல் திருப்புங்கள். குறையைக் காட்டும் படமும், சுருதிப் பெட்டியோடு நீங்கள் ஊதிய ஒலிப்பதிவும் அனுப்பினால், நல்ல கைவினைஞர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பார். திருப்பி அனுப்பும் குழலை நீங்களே உப்புத்தாளால் சரிசெய்யப் பார்த்திருந்தால் மட்டும் அவர் வாங்கமாட்டார்.